அக்காவும் நானும் ஒத்துப்போகாத ஒரு விஷயம்

2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மனு போட்டவர் 27 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய். இளைய குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த காலம் என்பதால் மாதவிடாய் நின்றிருந்தது. மறுபடி கருவுற்றதே தெரியாமல் மாதங்கள் ஓடிவிட்டன. தெரியவந்தபோது ஆறாவது மாதம். பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு அவர் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு பிள்ளையைச் சுமக்க உடம்பிலும் மனதிலும் தெம்பில்லை, கலைக்க அனுமதியுங்கள் என்று கேட்டார்.

நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா இருவரும் அக்டோபர் 9 அன்று அனுமதி கொடுத்தார்கள். மறுநாள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து அரசு வழக்கறிஞருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 26 வாரக் கரு வெளியே வந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வெறுமனே பிரசவ வலியை வரவழைத்தால் குழந்தை உயிரோடுதான் பிறக்கும், குறைப்பிரசவத்தின் எல்லாப் பாதிப்புகளோடும். அப்படியானால் கருப்பைக்குள்ளேயே அதன் இதயத்தை முதலில் நிறுத்திவிட வேண்டுமா, வேண்டாமா? தெளிவாகச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். அக்டோபர் 11 அன்று அதே இரண்டு நீதிபதிகளும் பிரிந்துவிட்டார்கள். சிசுவின் இதயத்துடிப்பை நிறுத்து என்று எந்த நீதிமன்றம் சொல்லும் என்று கேட்டார் கோலி. அந்தப் பெண் தன் முடிவில் உறுதியாக இருக்கிறார், அதை மதிக்க வேண்டும் என்றார் நாகரத்னா. வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. சட்டம் வைத்திருக்கும் 24 வார வரம்பு தாண்டிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, கருவில் குறைபாடும் இல்லை என்று சொல்லி அக்டோபர் 16 அன்று அனுமதி மறுத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க என் அக்காவும் நானும் போனில் இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். கருக்கலைப்பு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் எப்போதுமே ஒத்துப்போனதில்லை. அக்காவுக்கு அது உயிர்க்கொலை. எனக்கு அது அந்தந்தப் பெண் எடுக்க வேண்டிய முடிவு. அவள் கோலியின் பக்கம், நான் நாகரத்னாவின் பக்கம் என்று எளிதாகப் பிரித்துவிடலாம்தான். ஆனால் அந்த மின்னஞ்சல் எங்கள் இருவரையுமே தடுமாற வைத்தது. ஏனென்றால் இந்த விவாதத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. ஒரு பெண் தன் கர்ப்பத்தை முடித்துக்கொள்வதும், உள்ளே இருக்கும் உயிரை முடிப்பதும் பெரும்பாலான சமயங்களில் ஒரே செயல். 26-ஆவது வாரத்தில் அவை இரண்டு தனித்தனிச் செயல்களாகிவிடுகின்றன. முதலாவதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று ஒருவர் ஒப்புக்கொண்டாலும், இரண்டாவதும் அதற்குள் அடங்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதை ஐம்பது வருடங்களுக்கு முன்பே கூர்மையாகப் பார்த்தவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன். 1971-இல் அவர் ஒரு கற்பனைச் சூழலை முன்வைத்தார். நீங்கள் காலையில் கண் விழிக்கிறீர்கள். உங்கள் உடம்போடு ஒரு புகழ்பெற்ற வயலின் கலைஞரை இணைத்துவிட்டிருக்கிறார்கள். அவருடைய சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, உங்கள் ரத்தம் மட்டும்தான் அவருக்குப் பொருந்துகிறது, ஒன்பது மாதம் இப்படியே கிடந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். எழுந்து போக உங்களுக்கு உரிமை உண்டா? கரு முழு மனிதர்தான் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டுவிட்டே தாம்சன் இதைக் கேட்கிறார் என்பதுதான் முக்கியம். அதே கட்டுரையில் அவர் இன்னொன்றையும் சொல்கிறார்: இணைப்பைத் துண்டித்த பிறகும் அந்த மனிதர் எப்படியோ பிழைத்துக்கொண்டால், அவருடைய சாவை உறுதிசெய்யும் உரிமை உங்களுக்குக் கிடையாது. எய்ம்ஸ் மருத்துவரின் கேள்வி கிட்டத்தட்ட இதேதான்.

அக்காவிடம் இந்த வயலின் கதையைச் சொன்னபோது அவள் யோசிக்கவே இல்லை. "வயலின்காரர் யாரோ எவரோ. வயித்துல இருக்கிற பிள்ளை யாரோவாடி?"

தத்துவ வகுப்புகளில் இதற்கெதிராக எழுப்பப்படும் வாதங்களில் இதுவும் ஒன்று. பெற்றோருக்குப் பிள்ளையிடம் இருக்கும் கடமை வேறு, முன்பின் தெரியாதவரிடம் இருக்கும் கடமை வேறு. நான் சொன்ன பதில்: பிறந்துவிட்ட பிள்ளைக்கே ஒரு சிறுநீரகத்தைக் கொடு என்று எந்தச் சட்டமும் தாயைக் கட்டாயப்படுத்துவதில்லை. கொடுக்க வேண்டும் என்று நாம் நினைப்போம், கொடுக்காதவளைத் திட்டுவோம், ஆனால் கட்டிவைத்து எடுக்க மாட்டோம். 1978-இல் பென்சில்வேனியாவில் எலும்பு மஜ்ஜை கிடைக்காவிட்டால் இறந்துவிடும் நிலையில் இருந்த ஒருவர், பொருத்தமான மஜ்ஜை உள்ள தன் நெருங்கிய உறவுக்காரரைக் கொடுக்க வைக்கும்படி நீதிமன்றத்தில் கேட்டார். மறுப்பது அறத்தின்படி நியாயமே இல்லை என்று நீதிபதி வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் ஒருவர் உடம்பிலிருந்து வலுக்கட்டாயமாக எடுக்க உத்தரவிட முடியாது என்று மறுத்துவிட்டார். கேட்டவர் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இறந்துபோனார். தப்பு என்று நாம் உறுதியாக நம்புகிற எல்லாவற்றையும் சட்டத்தால் தடுத்துவிட முடியாது, குறிப்பாக அந்தத் தடை ஒருவருடைய உடம்புக்குள் நுழைய வேண்டியிருக்கும்போது.

அக்கா அதற்கும் விடவில்லை. "தராம இருக்கிறது வேற. கொல்றது வேற."

இதுதான் என் நிலைப்பாட்டுக்கு எதிரான வலுவான வாதம் என்று நினைக்கிறேன். அதைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எந்த முறையில் கலைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வலு மாறுகிறது. ஆரம்ப வாரங்களில் கொடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. கர்ப்பத்தைத் தாங்கி நிற்பதே அந்த ஹார்மோன்தான். அது போனால் கருப்பையின் உட்சுவரால் கருவைப் பிடித்துவைக்க முடியாது. ஓரிரு நாள் கழித்து எடுக்கும் மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றுகிறது. அந்தப் பெண்ணின் உடம்பு தாங்குவதை நிறுத்திக்கொள்கிறது என்றுதான் இதை என்னால் பார்க்க முடிகிறது. ஆறாம் மாதத்தில் ஊசி போட்டு இதயத்தை நிறுத்துவதை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை. அங்கே அக்காவின் சொல்தான் சரியான சொல்.

சரி, உள்ளே இருப்பது என்ன? இந்தக் கேள்விக்கு மனித குலம் ஒருபோதும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. ஆண் கரு 40 நாளில், பெண் கரு 90 நாளில் வடிவம் பெறுகிறது என்றார் அரிஸ்டாட்டில். நூற்றாண்டுகள் கழித்து தாமஸ் அக்வினாஸும் உயிர்ச்சேர்க்கை உடனே நடப்பதில்லை என்றே எழுதினார். உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்ற வேறுபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை தன் தண்டனைச் சட்டத்திலிருந்து முழுதாக நீக்கியது 1869-இல்தான். இஸ்லாமிய அறிஞர்களில் பலர் 120-ஆம் நாளில் ஆன்மா ஊதப்படுகிறது என்பார்கள். அதற்கு முன்பும் கலைக்கக் கூடாது என்று சொல்பவர்களும் அதே மார்க்கத்துக்குள்ளேயே உண்டு. பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால், தலை வெளியே வரும்வரை தாயின் உயிர்தான் முதலில் என்கிறது யூத நெறி. சமஸ்கிருத தர்ம நூல்கள் கருவை அழிப்பதைப் பெரும்பாவங்களில் சேர்த்தன. ஜப்பானில் 1948 முதலே கருக்கலைப்புக்குச் சட்ட இடம் உண்டு. அதே ஜப்பானில் கலைந்த, கலைக்கப்பட்ட சிசுக்களுக்காகக் கோயில்களில் வழிபாடு நடத்துகிறார்கள், குழந்தைகளைக் காப்பவராக அவர்கள் நம்பும் ஜிசோவின் சின்னச்சின்னக் கற்சிலைகளுக்குச் சிவப்புத் துணி கட்டுகிறார்கள். அனுமதிப்பவர்களுக்குத் துக்கம் இருக்காது, துக்கப்படுபவர்கள் அனுமதிக்க மாட்டார்கள் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை.

அறிவியல் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்ப்பவர்களும் ஏமாறத்தான் வேண்டும். கருவுற்ற முட்டை மனித உயிரணுதான், உயிரோடுதான் இருக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சுமார் 14 நாள்வரை அது இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம். பல முட்டைகள் கருப்பையில் ஒட்டாமலே போய்விடுகின்றன, அந்தப் பெண்ணுக்கே தெரியாமல். ஆறாவது வாரத்தில் ஸ்கேன் திரையில் ஒரு துடிப்பு தெரிகிறது. அப்போது அங்கே முழு இதயம் உருவாகியிருக்காது, இதயமாகப் போகிற குழாய் துடிக்கத் தொடங்கியிருக்கும். அந்த ஆறு வாரக் கணக்கும் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். டெக்சாஸ் 2021-இல் கொண்டுவந்ததைப் போன்ற "இதயத்துடிப்பு" சட்டங்கள் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் அவகாசம் உண்மையில் அந்த இரண்டு வாரம்தான், அதுவும் அவளுக்கு மாதவிடாய் தவறாமல் வருமென்றால். 22 முதல் 24 வாரத்தில்தான் வெளியே வைத்துக் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கை தொடங்குகிறது.

எங்கேயும் ஒரு கோடு இல்லை. ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கோடு இல்லாததால் முதல் நாளிலிருந்தே முழு மனிதர் என்கிறாள் அக்கா. கோடு இல்லாததால் பிறக்கும்வரை ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்களையும் எனக்குத் தெரியும். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. இருட்டிலிருந்து விடிவதற்குள் இந்த நொடியில் விடிந்தது என்று காட்ட முடியாது என்பதற்காக நள்ளிரவும் நண்பகலும் ஒன்றாகிவிடுவதில்லை. ஏழு வாரக் கருவுக்கும் ஏழு மாதச் சிசுவுக்கும் நாம் பட்டிருக்கும் கடன் ஒரே அளவானது என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கடன் வாரத்துக்கு வாரம் வளர்கிறது. ஆரம்பத்தில் அது ஒன்றுமே இல்லாத வெறும் திசு என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை, குறிப்பாக ஆசை ஆசையாகக் காத்திருந்து எட்டாவது வாரத்தில் கரு கலைந்துபோன ஒரு பெண்ணின் முன்னால் அந்தச் சொல்லை வைத்துப் பார்க்கும்போது.

மதத்தைத் தொடாமலே அக்காவின் பக்கம் வாதாட முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1989-இல் டான் மார்க்விஸ் என்ற தத்துவவாதி அதைச் செய்தார். என்னைக் கொல்வது ஏன் தவறு? என் முன்னால் இருக்கும் வாழ்க்கை முழுவதையும், அதில் நான் அனுபவிக்கப் போகிற அத்தனையையும் பறித்துவிடுவதால். கருவுக்கும் அதே போன்ற எதிர்காலம் இருக்கிறதே, அதைப் பறிப்பது மட்டும் எப்படிச் சரி? அலட்சியமாக ஒதுக்கக்கூடிய வாதம் இல்லை இது. பறிகொடுப்பதற்கு ஒருவர் அங்கே இருக்க வேண்டும், வலியோ விருப்பமோ எதுவுமே இன்னும் தொடங்காத இடத்தில் பறிகொடுப்பவர் யார் என்பதுதான் என் பதில். இந்தப் பதில் ஆரம்ப வாரங்களுக்கு வலுவாக இருக்கிறது, போகப் போக மெலிகிறது. என் நிலைப்பாடும் அப்படித்தான் இருக்கிறது என்பதால் அந்த மெலிவு என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அனுமதி கொடுத்துத்தான் எழுதுகிறேன்.

அவளுடைய இரண்டாவது கர்ப்பத்தில், ஐந்தாம் மாத ஸ்கேனில், ஏதோ சரியில்லை என்றார்கள். அடுத்தடுத்த பரிசோதனைகளில் டிரைசோமி 18 என்று தெரிந்தது. 18-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை பிறக்கும் முன்போ, பிறந்து சில நாட்களிலோ போய்விடும். ஒரு வயதைத் தாண்டுவது அபூர்வம். கலைத்துவிடுவதுதான் நல்லது என்று மருத்துவர் சொன்னார். அத்தானும் அதைத்தான் சொன்னார், அவருடைய அம்மாவும் அதைத்தான் சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தச் சின்ன அறையில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படிவத்தை அவர்கள் முன்னாலேயே நிரப்பி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பேனாவை மூடி கழற்றி மேலே வைத்திருந்தார்கள். அக்கா அந்தப் பேனாவை எடுத்து மூடியைப் போட்டு, படிவத்தோடு சேர்த்து மேசையின் அந்தப் பக்கம் தள்ளினாள். "எவ்வளவு நாள் இருப்பாளோ அவ்வளவு நாள் இருக்கட்டும் டாக்டர்."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அவளுக்குச் சுலபமாக இல்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் யாராவது ஒருவர், இன்னும் யோசிக்க நேரம் இருக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். உறவுக்காரர்கள் என்னிடம் வந்து, நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்றார்கள். நான் எடுத்துச் சொன்னதெல்லாம் அவர்களுக்குத்தான்: முடிவு அவளுடையது, விடுங்கள் என்று. குழந்தை பிறந்து சில மணி நேரம் இருந்தாள். பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அக்காவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அவளையும் சேர்த்துத்தான் சொல்வாள்.

அன்றைக்கு அந்த அறையில் உன்னைக் காப்பாற்றியது எந்த உரிமையோ, அதே உரிமையைத்தான் வேண்டாம் என்று சொல்கிற பெண்ணுக்கும் நான் கேட்கிறேன் என்று அவளிடம் ஒருமுறை சொன்னேன். எனக்கு அது அசைக்க முடியாத வாதமாகப் பட்டது. அக்கா ஏற்கவில்லை. "நான் முடிவெடுத்தேன்னு சொல்லாத. முடிவெடுக்க அங்க எதுவும் இல்ல. அவ என் பொண்ணு. பொண்ணை வச்சுக்கலாமா வேணாமான்னு யாராவது முடிவெடுப்பாங்களா?"

இந்த இடத்தில்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் எனக்கு உண்மையில் புரிந்தது. நான் உரிமை என்று பார்ப்பதை அவள் உறவு என்று பார்க்கிறாள். உறவு ஏற்கெனவே வந்துவிட்டது, அதைத் தேர்ந்தெடுக்கும் வேலை யாருக்கும் இல்லை என்பது அவள் வழி. அந்தப் பார்வையில் ஒரு பெரிய அழகு இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உறவை உள்ளுக்குள் உணராத ஒரு பெண்ணுக்கு, நீ உணர்ந்துதான் ஆக வேண்டும் என்று அதை வெளியிலிருந்து திணிக்க முடியுமா? அக்காவின் உறுதிக்குப் பெருமையே அது அவளுக்குள்ளிருந்து வந்தது என்பதுதான்.

என் தோழி ஒருத்தியின் கதை இதற்கு நேர்மாறாக இருக்கும். சொல்லப்போனால் அதைக் கதை என்றே சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகள், நல்ல கணவர், வேலை. ஏழாவது வாரத்தில் மாத்திரை சாப்பிட்டுக் கலைத்துவிட்டாள். பிறகு என்னிடம் சொன்னபோது, நான் ஏதாவது காரணம் கேட்பேன் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள் போல. "பெருசா ஒண்ணும் இல்ல. இன்னொண்ணை முதல்லேருந்து வளர்க்க என்கிட்ட தெம்பு இல்ல. அவ்வளவுதான்." அழவில்லை. வருத்தப்படுகிறாயா என்று கேட்டதற்கு, நிம்மதியாக இருக்கிறது என்றாள்.

கருக்கலைப்பை ஆதரிப்பவர்கள் பேசும்போதெல்லாம் பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமி, உயிருக்குப் போராடும் தாய், மூளை வளராத சிசு என்றுதான் உதாரணம் சொல்வோம். அவை உண்மைதான், தாங்க முடியாதவைதான். ஆனால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 7.3 கோடி கருக்கலைப்புகள் நடக்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவற்றில் பெரும்பாலானவை என் தோழியுடையதைப் போன்றவை. இப்போது முடியாது, இதற்கு மேல் முடியாது, இவரோடு முடியாது. இந்தச் சாதாரணக் காரணங்களைச் சொல்லத் தயங்கினால் நாம் எதையும் உண்மையில் ஆதரிக்கவில்லை என்றுதான் அர்த்தம். பரிதாபத்துக்கு விலக்கு கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஒரு பெண் நம் கண்ணில் நீர் வரவழைக்கும் அளவுக்குத் துன்பப்பட்டிருந்தால்தான் அவள் உடம்பு அவளுடையது என்று ஆகிவிடும். ஒரு மனிதரை வளர்த்து ஆளாக்குவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவள், என்னால் முடியாது என்று சொல்வது சாதாரணமாக இருக்கலாம், அற்பமானது இல்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருக்கலைப்பு கேட்டு வந்த ஏறத்தாழ 1,000 பெண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சிலருக்கு அது கிடைத்தது; வாரக் கெடு தாண்டிவிட்டதால் சிலரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கலைத்துக்கொண்டவர்களில் 95 சதவீதம் பேர், அது தங்களுக்குச் சரியான முடிவுதான் என்றார்கள். நான் இதை அக்காவிடம் காட்டினேன். அவள் அதே ஆய்வில் இன்னொரு இடத்தைக் காட்டினாள்: திருப்பி அனுப்பப்பட்ட பெண்களில், கலைத்திருக்கலாமே என்று ஒரு வாரத்துக்குப் பின்பும் நினைத்தவர்கள் 65 சதவீதம். குழந்தை பிறந்த பிறகு அப்படி நினைத்தவர்கள் 12 சதவீதம். ஐந்து வருடம் கழித்து 4 சதவீதம். பெற்ற பிள்ளை இல்லாமல் போயிருக்கலாம் என்று யார்தான் சொல்வார்கள்? இரண்டுமே உண்மை. மனிதர்கள் தாங்கள் வந்துசேர்ந்த இடத்தில் வேர் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் இரண்டும் சொல்கின்றன. அதனால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அவர்களைத் தள்ளிவிடலாம் என்று ஆகாது. திருப்பி அனுப்பப்பட்டவர்களில் கடனிலும் வறுமையிலும் சிக்கியவர்களும், அடிக்கிற ஆணோடு தொடர்பை அறுக்க முடியாமல் போனவர்களும் அதிகம் என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது.

தள்ளிவிடுவது அரசாங்கமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இரண்டு நாடுகளைக் காட்டுகிறது. 1966-இல் ருமேனியாவில் சௌசெஸ்கு அரசு, மக்கள்தொகையைக் கூட்ட வேண்டும் என்று கருக்கலைப்புக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை போட்டது. மறு வருடம் பிறப்பு விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அப்புறம் பெண்கள் திருட்டுத்தனமாகக் கலைக்க வழி கண்டுபிடித்தார்கள், சாகவும் தொடங்கினார்கள். 1989-இல் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 170 தாய்மார்கள் இறந்தார்கள். அந்த டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் புதிய அரசு முதல் வேலைகளில் ஒன்றாக அந்தத் தடையை நீக்கியது. அடுத்த வருடமே அந்த எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதே காலகட்டத்தில் சீனாவில் ஒரு குழந்தைத் திட்டம். அங்கே எதிர்த்திசை: பெற விரும்பியவர்களின் கருவைக் கலைத்தார்கள். 2012-இல் ஷான்ஷி மாகாணத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், இரண்டாவது குழந்தைக்கான அபராதத்தைக் கட்ட முடியாததால் அதிகாரிகளால் பிடித்துச் செல்லப்பட்டார்; அவருடைய கரு வலுக்கட்டாயமாகக் கலைக்கப்பட்டது. சிசுவின் உடலோடு அவர் படுத்திருந்த படம் இணையத்தில் பரவி உலகமே கொதித்தது.

அக்காவும் நானும் முழுக்க ஒத்துப்போகிற இடம் ஷான்ஷி. அங்கே நடந்தது கொடுமை என்று இருவருமே சொல்வோம். ஆனால் அவள் அந்தச் சிசுவைப் பார்த்துச் சொல்கிறாள். நான் சிசுவையும் பார்க்கிறேன், கட்டிலில் அமுக்கிப் பிடிக்கப்பட்ட அந்தப் பெண்ணையும் பார்க்கிறேன். அவளைப் பார்த்த பிறகு ருமேனியாவில் செத்தவர்களைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பெறு என்று சொன்ன அரசும் பெறாதே என்று சொன்ன அரசும் ஒரே பொருளைத்தான் கையில் எடுத்தன.

அயர்லாந்தில் 2012-இல் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் மருத்துவர் 17-ஆவது வாரத்தில் கருச்சிதைவு தொடங்கி மருத்துவமனையில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். கலைத்துவிடும்படி அவரும் கணவரும் கேட்டும், இதயத்துடிப்பு இன்னும் இருக்கிறது என்று காத்திருந்தார்கள். தொற்று ரத்தத்தில் பரவி அவர் இறந்தார், வயது 31. கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று 1983-இல் அந்த நாட்டின் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட வரியை, 2018 மே மாத வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் நீக்கச் சொன்னார்கள். காகிதத்தில் சமம் என்று எழுதிவிட்டால் ஆபத்து வேளையில் மருத்துவரின் கை எந்தப் பக்கம் தயங்கும் என்பது சவிதாவின் மரணத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது அக்கா அழுதாள். அவள் நம்பிக்கையில்கூட, ஏற்கெனவே கலைந்துகொண்டிருக்கும் கருவுக்காகத் தாயைச் சாகவிட வேண்டும் என்று எங்கும் இல்லை.

என் நிலைப்பாடு எனக்கே இடிக்கிற இடம் ஒன்று உண்டு. பெண் என்பதற்காகக் கலைப்பது. இந்தியாவில் 1994-இலேயே பாலினம் கண்டறிவதைத் தடைசெய்து சட்டம் வந்தது, அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அப்படியானால் முடிவு அவளுடையது என்று சொன்னது என்ன ஆயிற்று என்று அக்கா கேட்பாள். பெண் குழந்தை பிறந்தால் தானே அடி வாங்கப் போகிறோம் என்று தெரிந்த ஒரு பெண், கலைத்துவிடுங்கள் என்று சொல்லும்போது, அங்கே பேசுவது யார் என்பதுதான் என் திருப்பிக் கேட்கும் கேள்வி. ஆனால் எல்லாரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. மிரட்டல் எதுவும் இல்லாமலே ஆண் பிள்ளைதான் வேண்டும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சட்டம் ஸ்கேன் செய்பவரைப் பிடிக்கிற விதம் எனக்குச் சரியாகப் படுகிறது. எந்தக் காரணத்துக்காகக் கலைக்கிறாய் என்று பெண்ணைக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கத் தொடங்கினால், முதலில் மாட்டுவது என் தோழியைப் போன்றவர்கள்தான்.

டவுன் சிண்ட்ரோம் இன்னும் கடினம். அந்தக் குழந்தைகள் வாழ்கிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: எங்கள் பிள்ளையைப் போன்றவர்கள் பிறக்கவே கூடாது என்று ஊரே முடிவெடுத்த மாதிரி இருக்கிறதே? அவர்களுடைய வலி நியாயமானது. ஸ்கேன் முடிவைச் சொல்லும்போதே அடுத்த வரியாகக் கலைக்கும் தேதியைச் சொல்கிற மருத்துவர், தேர்வு எதையும் கொடுக்கவில்லை. அக்காவின் முன்னால் பென்சில் குறி போட்டு வைத்ததைப் போல, வேறொருவர் எடுத்துவிட்ட முடிவை நீட்டுகிறார். அப்படிப்பட்ட பிள்ளையை வளர்ப்பவர்களை அங்கேயே சந்திக்க வைக்க வேண்டும், பள்ளியும் சிகிச்சையும் கிடைக்கும் என்ற உறுதி இருக்க வேண்டும். இவையெல்லாம் நடந்த பிறகும் ஒரு பெண் என்னால் முடியாது என்று சொன்னால், அவளைத் தடுக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

26 வாரத்துக்கு வருகிறேன். நாகரத்னா சொன்னதில் எனக்கு உடன்பாடுதான்: அந்தப் பெண்ணை மேலும் மூன்று மாதம் சுமக்க வைத்திருக்கக் கூடாது. கோலியின் கேள்வியிலும் எனக்கு உடன்பாடுதான்: வெளியே பிழைக்கக்கூடிய உயிரின் இதயத்தை, வேறு மருத்துவக் காரணம் இல்லாமல் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் மிஞ்சுவது குறைமாதத்தில் பிறக்க வைத்து, இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றுவது. அது அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்கப் பாதிப்பைக் கொடுக்கலாம். எதை எடுத்தாலும் யாருக்கோ அநியாயம் ஆகிற இடம் அது. இந்த நிலைக்கு வரும் பெண்கள் மிகச் சிலர்தான். அவர்களில் பலரும் தாமதமாக வந்ததற்குக் காரணம், முன்னாலேயே தெரியாமல் போனதோ, அலையவிடப்பட்டதோதான். சீக்கிரமே, கேள்வி கேட்காமல், எளிதாகக் கிடைக்கும்படி செய்தால் இந்த வழக்குகள் குறையும். அக்கா இதற்கும் சம்மதிக்க மாட்டாள். ஆனால் ஏழாவது வாரமும் இருபத்தாறாவது வாரமும் தனக்குமே ஒன்றாகத் தெரியவில்லை என்று அவள் அந்த அக்டோபரில் சொன்னாள்.

2017-இல் பிலடெல்பியாவில் குறைமாத ஆட்டுக்குட்டிகளைத் திரவம் நிரப்பிய ஒரு பையில் நான்கு வாரம்வரை வளர்த்துக் காட்டினார்கள். ஒருநாள் மனிதக் கருவையும் ஆரம்ப மாதங்களிலேயே பத்திரமாக வெளியே எடுத்து வளர்க்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன சொல்வாய் என்று அக்கா கேட்டாள். பெண்ணுக்கு எந்தக் கூடுதல் ஆபத்தும் இல்லாமல் எடுக்க முடியுமென்றால், அதைச் சாகடிக்கும் உரிமையை நான் கேட்க மாட்டேன் என்றேன். "அப்ப என் பக்கம் வந்துட்ட" என்றாள். இல்லை, அப்போதும் அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவள் உடம்பிலிருந்து எடுக்க விடமாட்டேன் என்றேன். எங்கேயோ தன் பிள்ளை ஒன்று வளர்கிறது என்ற நினைப்போடு வாழ விரும்பாத பெண்ணுக்கு என்ன பதில் சொல்வாய் என்று அவளைத் திருப்பிக் கேட்டேன். நான் வளர்க்கிறேன் என்று சொல்வேன் என்றாள் அக்கா. சொன்னால் செய்வாள், எனக்குத் தெரியும். எல்லாருக்காகவும் அவளால் வளர்க்க முடியாது என்று நான் ஆரம்பித்தேன், அவள் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.